சீமோன் தூக்கிய காவடி

அந்தப் படத்தின் பெயரைச் சொன்னால் சிரித்துவிடுவீர்கள், ஆகவே சொல்லப்போவதில்லை. வந்த புதிதிலேயே டவுன் கொட்டகையில் ஒரு வாரம் தாங்கவில்லை. கதாநாயகன் வீட்டை விட்டு ஓடிப்போவான், லாரி ஜாக்கியால் ஆட்களை அடித்துத் துவைப்பான், நடுநடுவே ஆடுவான், கடைசியில் அப்பா காலில் வந்து விழுவான். அவ்வளவுதான் படம். இந்தக் கண்றாவியைத்தான், அதுவும் தவக்காலத்தில், அதுவும் கோயிலுக்குள்ளேயே போட்டாக வேண்டும் என்று விண்ணரசி ஒற்றைக்காலில் நின்றாள்.

கோயிலுக்குள் சினிமாவா என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். வலங்கைமானுக்குத் தெற்கே வெட்டாற்றங்கரையில் இருக்கிற அந்த ஊரில் ஒரு காலத்தில் தவக்காலம் என்றால் பாஸ்கா நாடகம்தான். ஆண்டவருடைய பாடுகளை ஊரே கூடி நடிக்கும். இப்போது நடிக்க ஆள் இல்லை. பையன்களில் பாதிப் பேர் சிங்கப்பூர், மீதிப் பேர் திருப்பூர். ரோமைப் போர்வீரர்களுக்குக்கூட ஆள் தேறாமல், போன வருஷம் பாஸ்காவையே நிறுத்திவிட்டார்கள். அப்போதுதான் புதிதாக வந்த பங்குத்தந்தை ஆன்டோ ஒரு யோசனை சொன்னார்.

“ஜனங்க வீட்டுக்கு வீடு சினிமாதான் பார்க்கறாங்க. சரி, சினிமாவையே பார்ப்போம். அதுல ஆண்டவர் எங்க இருக்காருன்னு தேடுவோம்” என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் பீடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைத் துணி கட்டப்படும். ஊர் பார்த்துச் சலித்த ஏதோ ஒரு தமிழ்ப் படம் ஓடும். முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு ஃபாதர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: “இந்தப் படத்துல ஆண்டவரை எங்க பார்த்தீங்க?” பெரியவர்கள் முதலில் உர்ரென்று இருந்தார்கள். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, பிரசங்கத்தில் தூங்குகிறவர்கள்கூட இதில் விழித்துக்கொண்டார்கள். முதல் வாரம் போட்ட படத்தில் மாமியாருக்குச் சோறு போடாத மருமகள் ஒருத்தி வந்தாள். அமிர்தம் எழுந்து, “ஃபாதர், இது என்னையத்தான் சொல்லுது” என்று அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் மாமியார் அதைவிடச் சத்தமாக அழுதாள். அப்புறம் இரண்டு பேரும் ஒரே முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஒரே ஒரு சட்டம் மட்டும் இருந்தது. பாட்டும் சண்டையும் கிடையாது. அதைப் போட்டவர் பங்குப் பேரவையின் துணைத் தலைவர் மதலைமுத்து. “தவக்காலத்துல அல்லேலூயாவையே மூட்டை கட்டி வெச்சிருக்கோம். இதுல குத்துப்பாட்டு ஒரு கேடா?” என்று அவர் கேட்டதும் ஃபாதரும் சரி என்றுவிட்டார். மதலைமுத்துவின் மருமகள் லின்சி லேப்டாப்பில் உட்கார்ந்து ஒவ்வொரு படத்தையும் கத்தரித்துக் கொடுப்பாள்.

விண்ணரசிக்கு இந்தச் சட்டம் முதல் வாரமே தெரியும். முதலில் படம் உள்ளே வரட்டும், பாட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு. ஃபாதரைப் பிடித்துக்கொண்டாள்.

“இந்தப் படத்துல நற்செய்தி எங்கம்மா இருக்கு?” என்றார் அவர்.

“ஊதாரி மகன் உவமை ஃபாதர். வீட்ட விட்டுப் போறான், திரும்பி வந்து அப்பன் கால்ல விழறான். அப்படியே லூக்கா.”

“நடுவுல ஊர்ல உள்ளவனையெல்லாம் அடிக்கிறானே?”

“ஊதாரி மகன் தூரதேசத்துல என்னென்ன பண்ணினான்னு பைபிள்ல முழுசா எழுதலையே ஃபாதர்.”

ஃபாதர் சிரித்துவிட்டார். குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய சனிக்கிழமை என்று நாளும் குறித்துவிட்டார். விண்ணரசி உண்மையான காரணத்தைச் சொல்லவில்லை. சொன்னால் இவரும் வேண்டாம் என்றுவிடுவாரோ என்று பயம்.

உண்மையான காரணம், அந்தப் படத்தில் அவள் வீட்டுக்காரர் சகாயராஜ் இருந்தார்.

கதாநாயகன் ஆடுகிற ஒரு காவடிப் பாட்டு. பின்னால் வரிசையாகக் காவடி தூக்கி ஆடுகிறவர்களில் ஓரத்தில் ஒருவர், நெற்றி நிறைய விபூதி, இடுப்பில் மஞ்சள் வேட்டி. கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடுவார். ஆனால் அந்தப் பாட்டுக்கு வெட்டாற்றின் அக்கரையில் படப்பிடிப்பு நடந்தபோது அந்த ஊரே திமிலோகப்பட்டது. படக் கம்பெனி மேனேஜர் முதலில் அக்கரைக்காரர்களைத்தான் கேட்டான். வருஷா வருஷம் முருகனுக்கு வேண்டிக்கொண்டு காவடி எடுக்கிறவர்கள் அவர்கள். அவர்களில் மூத்தவரான முருகையன் முடியாது என்றுவிட்டார். “விரதம் இருக்காம, வேண்டுதல் இல்லாம, கேமராவுக்காக நாங்க காவடியைத் தொடமாட்டோம்” என்றார். தோளில் பலம் உள்ள ஆட்கள் வேண்டுமே என்று மேனேஜர் இக்கரைக்கு வந்து கிறிஸ்தவத் தெருவில் கேட்டான். ஐந்து பேர் சரி என்றார்கள், சகாயராஜ் அதில் ஒருவர். பாஸ்காவில் வேஷம் கட்டிப் பழகியவருக்கு இது இன்னொரு வேஷம். அப்படித்தான் அவர் நினைத்தார்.

பாஸ்காவில் அவருக்கு சீமோன் வேஷம். ஆண்டவர் சிலுவை சுமக்க முடியாமல் விழும்போது, கூட்டத்தில் இருந்து இழுத்து வரப்பட்டு, அந்தச் சிலுவையை வாங்கித் தூக்குகிற சீமோன். நிஜமான பனைமரச் சிலுவை. வருஷக்கணக்காகத் தூக்கித் தூக்கி ஊரில் அவர் பெயரே சீமோன் ஆகிவிட்டது. ஆண்டவராக நடித்தவர் மதலைமுத்து. மேடையில் அவர் விழ, இவர் தூக்க, கீழே இறங்கினால் இரண்டு பேரும் ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுக்கிற சிநேகம்.

படம் வெளிவந்தது. போஸ்டரில் காவடி ஆட்டம். மற்ற நான்கு பேரையும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் இவர் சீமோன் ஆயிற்றே! அந்தத் தவக்காலத்தின் முதல் ஒத்திகையில், ஊர் முழுக்க நிற்கும்போது, மதலைமுத்து சொன்னார்:

“காவடி தூக்கின தோள்ல என் சிலுவை வேண்டாம்.”

சகாயராஜ் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அதற்கப்புறம் கோயில் படி மிதிக்கவில்லை. ஆனால் ஞாயிறு தவறாமல் விண்ணரசியை வண்டியில் கொண்டுவந்து இறக்குவார். அவள் உள்ளே போனதும் வாசல் கேட்டுக்கு எதிரே புங்கமரத்தடியில் வண்டியைப் போட்டுவிட்டு, பூசை முடிகிறவரை அங்கேயே உட்கார்ந்திருப்பார். “உள்ள வாங்களேன்” என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். “நீ போயிட்டு வா, எனக்கு இங்கேயே பாட்டு கேக்குது” என்பார். அந்த மனுஷனுக்குப் பிடிவாதம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

பிறகு கொரோனா வந்தது. அந்த ஊரில் எப்பேர்ப்பட்ட குடிகாரன் செத்தாலும் பெட்டியைக் கோயிலுக்குள் கொண்டுபோய், பீடத்துக்கு முன்னால் வைத்து, பூசை முடித்துத்தான் கல்லறைக்கு எடுப்பார்கள். சகாயராஜுக்கு அது கொடுத்துவைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார்கள். வேன் நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போனது. கோயில் வழியாகத்தான் போனது, கோயில் பூட்டிக் கிடந்தது. யாரையும் குறை சொல்ல முடியாது, ஊர் உலகம் எல்லாம் அப்படித்தான் கிடந்தது. ஆனால் விண்ணரசிக்கு மனசு ஆறவே இல்லை. உயிரோடு இருந்தபோதும் கேட்டுக்கு வெளியே, செத்தும் கேட்டுக்கு வெளியே.

தஞ்சாவூரில் நர்ஸ் வேலை பார்க்கிற மகள் ரோஸ்லின்தான் அந்தப் பாட்டைப் போனில் எடுத்துக் கொடுத்தாள். உலை வைத்துவிட்டு அதைப் போடுவாள் விண்ணரசி. கட்டை விரல் நகத்தளவு தெரிவார் மனுஷன். நிறுத்திப் பார்த்தால் மங்கிப்போவார், ஓடவிட்டால் போய்விடுவார். அவர் சட்டையை இன்னும் கொடியில் இருந்து எடுக்கவில்லை அவள். சாயங்காலமானால் வண்டிச் சத்தத்துக்குக் காது தானாகப் போகும். அவரைத் திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது, அது அவளுக்குத் தெரியும். ஆனால் ஒரே ஒரு தரம் அந்தக் கோயிலுக்குள் கொண்டுவந்துவிடலாம். ஊர் பார்க்க, பீடத்துக்கு முன்னால், ஆள் உயரத்துக்கு. இந்த ஆசை வந்த நாளில் இருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

படம் போடுகிற வாரம் லின்சியைத் தேடிப் போனாள்.

“இந்தப் படத்துல பாட்டும் சண்டையும் போச்சுன்னா மிச்சம் ஒரு மணி நேரம் தேறுமான்னே தெரியல அத்தை” என்று சலித்துக்கொண்டாள் லின்சி.

“அந்தக் காவடிப் பாட்டை மட்டும் விட்டுடு பாப்பா.”

லின்சி நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து கொஞ்ச வருஷம்தான், ஆனாலும் கதை தெரியும். “எனக்கு ஒண்ணும் இல்ல அத்தை. ஆனா எங்க மாமாதான் முதல் ஆளா முன்னாடி உக்காருவாரு. நீங்க அவர்கிட்டயே ஒரு வார்த்தை கேட்டுடுங்க.”

மதலைமுத்துவின் வாசலை மிதிப்பதில்லை என்று விண்ணரசி சபதம் போட்டிருந்தாள். நல்ல வேளை, உளுந்து அறுவடை நேரம். அவர் பிடுங்கிய உளுந்துச் செடியைத் தார் ரோட்டில் பரப்பிவிட்டு, போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்துக் கொடுப்பதற்காக ஓரத்தில் குடை பிடித்து நின்றிருந்தார். ரோடு யார் வீட்டு வாசலும் இல்லை. அவள் போய் நின்றாள். சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

“என்னை என்ன செய்யச் சொல்றே?” என்றார் அவர். “பீடத்துக்கு நேரா காவடியாட்டம் ஓடணுமா? அதுவும் குருத்தோலைக்கு முதல் நாளு? பிஷப் வரைக்கும் போகும்.”

“அவரு வேஷம் கட்டினாருண்ணே. நீங்க ஆண்டவரா வேஷம் கட்டினீங்க. அதுக்காக உங்களை யாராவது விழுந்து கும்பிட்டமா?”

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டாள். ஒரு மினிபஸ் வந்து உளுந்தை நெரித்துக்கொண்டு போனது. மதலைமுத்து சிதறிய செடிகளைக் காலால் ஒதுக்கினார்.

“எல்லாப் படத்துக்கும் ஒரே சட்டம்தான் விண்ணரசி. பாட்டு கிடையாதுன்னா கிடையாது” என்றார். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அவள் அழுத அழுகை சொல்லி மாளாது. படத்தையே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தாள். மனசு கேட்கவில்லை. சனிக்கிழமை தலை சீவி, அவர் எடுத்துக்கொடுத்த ஊதாச் சேலையைக் கட்டிக்கொண்டு போய்ப் பெண்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஒருவேளை லின்சி மறந்துபோய் விட்டிருக்கலாம். ஒருவேளை ஆண்டவரே ஏதாவது செய்யலாம்.

படம் ஓடியது. கதாநாயகன் அக்கரைத் திருவிழாவுக்கு வந்தான். உடுக்கைச் சத்தம் கேட்டது. விண்ணரசி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடுத்த நிமிஷம் கதாநாயகன் லாரியில் போய்க்கொண்டிருந்தான். சேலையில் ஒரு சாண் கிழித்தெடுத்து இரண்டு ஓரத்தையும் ஒட்டுப்போட்டுத் தைத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அவளுக்கு மட்டும் தெரிந்தது.

விளக்கைப் போட்டார்கள். ஃபாதர் கேள்வியைக் கேட்டார். அமிர்தம் அப்பாவின் மன்னிப்பைப் பற்றிச் சொன்னாள். இன்னும் ஒன்றிரண்டு பேர் அதையே வேறு மாதிரி சொன்னார்கள். ஃபாதர் பெண்கள் பக்கம் திரும்பினார்.

“இந்தப் படத்தைக் கேட்டு வாங்கினது விண்ணரசியம்மாதான். நீங்க சொல்லுங்கம்மா, ஆண்டவரை எங்க பார்த்தீங்க?”

அவள் எழுந்தாள். சொல்ல வேண்டாம் என்றுதான் எழுந்தாள், ஆனால் வாய் திறந்துகொண்டது.

“நான் பார்க்கல ஃபாதர். வெட்டிட்டாங்க.”

“என்னம்மா?”

“ஊதாரி மகன்னு நான் சொன்னது சும்மா ஃபாதர். இதுல ஒரு காவடிப் பாட்டு இருக்கு. எங்க வீட்டுக்காரர் அதுல காவடி தூக்கியிருக்காரு. அதுக்காக இந்த ஊரு அவரை சிலுவையத் தொட விடல. ஏன் தூக்கினே, எப்படித் தூக்கினேன்னு ஒருத்தரும் கேக்கல. நான் சொல்றேன். அக்கரைக்காரங்க விரதம் இல்லாம தொடமாட்டோம்னாங்க. இவரு அதைக் கேட்டுட்டு வந்து, அன்னைக்குப் பூரா பச்சைத்தண்ணி பல்லுல படாம தூக்கினாரு. கம்பெனிக்காரன் குடுத்த பிரியாணிப் பொட்டலத்த அப்படியே கட்டிக் கொண்டாந்து என்கிட்ட குடுத்தாரு. ஏன் சாப்பிடலன்னு கேட்டேன். ‘அது அவங்க சாமிக்காக அவங்க பட்டினி கிடந்து தூக்கற சுமை. நான் தின்னுட்டுத் தூக்கினா அவங்களக் கேலி பண்ணின மாதிரி ஆயிடும் புள்ள’ன்னாரு. தோள்பட்டை ரெண்டும் வீங்கியிருந்துச்சு. எண்ணெய் தேச்சு விட்டேன்.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆனாலும் உட்காரவில்லை.

“ஆண்டவரை எங்க பார்த்தேன்னு கேக்கறீங்க. நீங்க வெட்டிப் போட்ட இடத்துலதான் ஃபாதர் பார்த்தேன்.”

எல்லாருடைய கண்ணும் முன்வரிசையில் இருந்த மதலைமுத்துவின் முதுகுக்குப் போனது. அந்த நேரத்தில் விளக்கு அணைந்தது. அணைத்தது லின்சி. மாமனார் முகத்தையும் பார்க்கவில்லை, ஃபாதர் முகத்தையும் பார்க்கவில்லை, லேப்டாப்பை மட்டும் பார்த்துக்கொண்டு, வெட்டி வைத்திருந்த பாட்டைத் தட்டினாள்.

உடுக்கைச் சத்தம் கோயிலை அதிரவைத்தது. வெள்ளைத் துணி முழுக்க மயில் பீலியும் மஞ்சள் வேட்டியும். அல்லேலூயாகூட இல்லாமல் ஊமையாகக் கிடந்த கோயில் தூக்கிவாரிப் போட்டு எழுந்த மாதிரி இருந்தது. பின்வரிசையில் யாரோ கத்தினார்கள், “அந்தா! ஓரத்துல! சீமோன் அண்ணன்!”

அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் எழுந்துவிட்டது. “சீமோனுடா!”, “ஏ, நம்ம சகாயம்!”, “எவ்வளவு சின்ன வயசா இருக்காரு பாரேன்!” என்று ஆளுக்கு ஆள் கூவினார்கள். விண்ணரசி குள்ளம். அவளுக்கு முன்னால் முதுகுகள், கொண்டைகள், தூக்கிப் பிடித்த குழந்தைகள். எக்கி எக்கிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. ஆள் உயரத்துக்கு அவரைப் பார்க்க வேண்டும் என்று தவம் கிடந்தவள் ஒருத்தி மட்டும் அவரைப் பார்க்கவே இல்லை. பார்க்கத்தான் இல்லையே தவிர, கேட்டாள். கோயில் முழுக்க அவர் பெயர் கேட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, இத்தனை வருஷம் அழாத அழுகையை அழுதாள்.

பாட்டு முடிந்தது. விளக்கு வந்தது. “திரும்பப் போடட்டுமா அத்தை?” என்று லின்சி வந்து கேட்டாள். விண்ணரசி தலையாட்டி வேண்டாம் என்றாள். ஃபாதர் ஏதோ ஜெபம் சொல்லத் தொடங்கி, வார்த்தை வராமல் ஒரு பரலோக மந்திரத்தோடு முடித்துக்கொண்டார். ஜனங்கள் போகிறபோது ஒவ்வொருவராக வந்து அவள் தலையையும் தோளையும் தொட்டுவிட்டுப் போனார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் செய்வது மாதிரியே இருந்தது. கொரோனாவில் அவள் வீட்டுக்கு யாரும் துக்கத்துக்கு வரவில்லை.

கடைசியாக மதலைமுத்து வந்தார். முழங்கால் தேய்ந்த மனுஷன், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“விண்ணரசி, நான் அன்னைக்கு...”

“என்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம்ணே” என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னாள். “சொல்றத அவருகிட்ட சொல்லுங்க.”

அவர் வெள்ளைத் துணியைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் அதன் பக்கம் திரும்பி, கையைக் கட்டிக்கொண்டு, வெகுநேரம் தலைகுனிந்து நின்றார். என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. பிறகு சுவரைப் பிடித்தபடியே வெளியே போனார்.

கோயில் காலியானது. ஃபாதர் சாவியோடு வாசலில் நின்றார். காலையில் குருத்தோலைப் பூசை, பீடத்தை அலங்கரிக்க வேண்டும். லின்சி நாற்காலி போட்டு ஏறித் துணியின் கயிற்றில் கையை வைத்தாள்.

“அத்தை, கழட்டிடவா? ஃபாதர் கோயிலைப் பூட்டணுமாம்.”

விண்ணரசி உட்கார்ந்த இடத்தில் இருந்து எழவில்லை.

“இரும்மா” என்றாள். “இப்பத்தான உள்ள வந்திருக்காரு. கொஞ்ச நேரம் இருக்கட்டும்.”